ரீசெட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை: வாசகர் கேள்வி – பதில்

அறுவடைப் பணம் கைக்கு வரும் மாதங்களில்தான் டெல்டா வீடுகளில் போன் மாறுகிறது. பழைய போன் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை கடைகளுக்கோ, தெருவில் வரும் வியாபாரிக்கோ, ஆன்லைன் எக்ஸ்சேஞ்சுக்கோ போகிறது. அதை ஒட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கொள்முதல் நிலையப் பதிவுக்காகவும் பயிர்க் காப்பீட்டுக்காகவும் எடுத்த ஆதார், சிட்டா, அடங்கல், பாஸ்புக் படங்கள் எல்லாம் என் போனில் இருந்தன. விற்பதற்காக இரண்டு நாளாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக டெலிட் செய்தேன். இது போதுமா?
– விவசாயி, நீடாமங்கலம்

போதாது. அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேலரி என்று திறந்தது கூகுள் போட்டோஸ் ஆப்பாக இருந்து, அதில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால், போனில் அழித்த படம் உங்கள் கூகுள் கணக்கிலிருந்தும் அழிந்திருக்கும். புதிய போனில் அதே ஜிமெயிலைப் போட்டாலும் வராது. இன்றைக்கே கூகுள் போட்டோஸில் டிரேஷ் பகுதியைத் திறந்து பாருங்கள். பேக்கப் ஆன படங்கள் அங்கே 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதவை 30 நாள்தான். வேண்டியதைத் தேர்ந்து ரீஸ்டோர் கொடுங்கள். போன் நம்பர்களும் இப்படித்தான். ஜிமெயிலில் சேமித்த நம்பரை ஒரு போனில் அழித்தால் எல்லாப் போனிலும் போய்விடும். ஐபோனில் ஐகிளவுட் ஆனில் இருந்தால் அங்கும் இதே கதிதான்.

சரி, அழித்ததாவது முழுமையாக அழிந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒரே அடங்கல் படம் கேமரா ஃபோல்டரில் ஒன்று, வாட்ஸ்அப்பில் இ-சேவை மையத்துக்கு அனுப்பியபோது அதன் 'சென்ட்' ஃபோல்டரில் ஒன்று, ஸ்கேனர் ஆப்பில் ஒன்று, டவுன்லோடில் ஒன்று என்று கிடக்கும். நாலு இடத்தில் தேடி அழித்தால் ஐந்தாவது இடத்தில் இருக்கும். கையால் அழிக்கும் வேலையே வேண்டாம். வேண்டியதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, போனை மொத்தமாக ரீசெட் செய்வதுதான் முறை. அதன் வரிசையை அடுத்த பதிலில் பாருங்கள்.

விற்கும் முன் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது? வரிசையாகச் சொல்லுங்கள்.
– ஆசிரியை, மயிலாடுதுறை

நல்ல கேள்வி, ஏனென்றால் தவறு நடப்பது பெரும்பாலும் வரிசையில்தான். ரீசெட் கடைசி வேலை. புதிய போன் முழுதாக வேலை செய்கிறது என்று தெரியும்வரை பழைய போனைத் தொடக்கூடாது.

முதலில் சிம்மைப் புதிய போனுக்கு மாற்றுங்கள். ஜிபே, போன்பே, வங்கி ஆப் எல்லாம் அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் பதிவாகும். புதிய போனில் யுபிஐ பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். ஆகவே உரக்கடைக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ பெரிய தொகை கட்ட வேண்டிய நாளில் போன் மாற்றாதீர்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, வைஃபையும் லொகேஷனும் ஆன் செய்து, பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' என்று போங்கள். புதிய போனில் நம்பரைப் பதிவு செய்ததும் க்யூஆர் கோடு வரும், பழைய போனால் அதை ஸ்கேன் செய்தால் நேரடியாக மாறிவிடும். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும், ஐபோனிலிருந்து ஐபோனுக்கும் இது பொருந்தும். இன்னொரு வழி கூகுள் டிரைவ் பேக்கப். ஆனால் அது இப்போது உங்கள் இலவச 15 ஜிபி இடத்தில் கணக்காகிறது. இடம் நிரம்பியிருந்தால் பேக்கப் பாதியிலேயே நிற்கும். கடைசி பேக்கப் எந்தத் தேதியில் ஆனது என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். பழைய போனில் வாட்ஸ்அப் 'டெலிட் அக்கவுண்ட்' மட்டும் கொடுக்காதீர்கள். அது போனிலிருந்து ஆப்பை நீக்கும் வேலை இல்லை. உங்கள் கணக்கையே அழித்து, எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேற்றிவிடும்.

மூன்றாவது, பலர் மறப்பது: இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான ஆறு இலக்க எண் தரும் ஆதென்டிகேட்டர் ஆப். அதில் 'டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ்' வழியாகப் புதிய போனுக்கு மாற்றிவிட்டு, ஒரு முறை உள்ளே நுழைந்து சோதித்துப் பாருங்கள். இதை விட்டுவிட்டு ரீசெட் செய்தால் உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் நிற்பீர்கள். போன் மெமரியில் மட்டும் சேமித்த நம்பர்கள் இருந்தால் காண்டாக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்த ஃபைலை உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிந்து இரண்டு மூன்று நாள் புதிய போனைப் பயன்படுத்திய பிறகு, பழையதில் செட்டிங்ஸ் போய், அக்கவுண்ட்ஸ் பகுதியில் கூகுள் கணக்கை 'ரிமூவ்' செய்யுங்கள். சாம்சங் கணக்கு, சியோமி கணக்கு இருந்தால் அவற்றையும் தனித்தனியாக வெளியேற்ற வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் ரீசெட் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. கணக்கை நீக்காமல் ரீசெட் செய்யப்பட்ட போன், மறுபடி ஆன் செய்ததும் பழைய ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் கேட்கும். செட்டிங்ஸ் வழியாக முறையாக ரீசெட் செய்தால் பெரும்பாலும் இந்தப் பூட்டு விழாது. அதை நம்பி இருக்க வேண்டாம், கணக்கை நீக்கிவிட்டே செய்யுங்கள். கூகுள் பாஸ்வேர்டைச் சமீபத்தில் மாற்றியிருந்தால் 24 மணி நேரம் கழித்து ரீசெட் செய்வது நல்லது.

மெமரி கார்டைக் கழற்றுங்கள். சிம் டிரேயில் இரண்டாவது சிம் இருக்கிறதா பாருங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரும் மாட்டியிருக்கட்டும். பிறகு செட்டிங்ஸில் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'ரீசெட்' என்று தட்டினால் 'எரேஸ் ஆல் டேட்டா' அல்லது 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்' வரும். 'ரீசெட் நெட்வொர்க்', 'ரீசெட் ஆல் செட்டிங்ஸ்' என்று அருகிலேயே இருப்பவை வேறு. அவற்றால் ஒரு படம்கூட அழியாது. ஈ-சிம் வைத்திருந்தால் அதையும் அழிக்கவா என்று கேட்கும், ஆம் என்று குறியுங்கள். ஆனால் அதற்கு முன்பே உங்கள் எண் புதிய போனுக்கு மாறியிருக்க வேண்டும்.

ரீசெட் முடிந்து வரவேற்புத் திரை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். வைஃபையில் இணைத்து, அடுத்தடுத்து தட்டி, கணக்கு கேட்கும் பக்கம்வரை போய்ப் பாருங்கள். பழைய பேட்டர்னையோ பழைய ஜிமெயிலையோ கேட்டால் பூட்டு இன்னும் விழுந்திருக்கிறது என்று பொருள். அங்கேயே உங்கள் கணக்கைக் கொடுத்து உள்ளே போய், அதை நீக்கி, மறுபடி ரீசெட் செய்ய வேண்டும். புதுக் கணக்கு கேட்டால் வேலை முடிந்தது. அணைத்துக் கையில் கொடுக்கலாம்.

128 ஜிபி நிறைய போட்டோவும் வீடியோவும் இருந்த போன், ரீசெட் கொடுத்த சில நிமிடத்தில் காலியாகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி அழியும்? திரும்ப எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. 'ஷ்ரெட்டர்' ஆப் போட்டு மேலே மேலே எழுதி அழிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

உங்கள் சந்தேகம் நியாயமானது. உண்மையில் 128 ஜிபியும் அந்த நேரத்தில் துடைக்கப்படுவதில்லை. அழிவது ஒரு சிறிய சாவிதான். இன்றைய போன்கள் எதையும் அப்படியே எழுதி வைப்பதில்லை. 256 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண்ணைச் சாவியாக வைத்து, எல்லாவற்றையும் குழப்பி எழுதுகின்றன. படம் திறக்கும்போது அந்தச் சாவியால் திருத்திக் காட்டுகின்றன. சாவி அந்தப் போனின் புராசஸரோடு பிணைக்கப்பட்டிருக்கும். ரீசெட் செய்ததும் பழைய சாவி அழிந்து புதுச் சாவி உருவாகிறது. பழைய படங்களின் எழுத்து சிப்பில் கொஞ்ச நாள் கிடந்தாலும், சாவி இல்லாமல் அது யாருக்கும் படிக்க முடியாத இரைச்சல். இந்தச் சாவி முறைதான் இப்போதைய போன்களில் நம்பத்தக்க வழி.

எந்தப் போன்களில் இது உண்டு என்பது முக்கியம். ஐபோனில் 2009-இல் வந்த 3ஜிஎஸ் முதலே வன்பொருளில் இந்தக் குறியாக்கம் இருக்கிறது. ஆண்ட்ராய்டில், 10-ஆம் பதிப்போடு விற்பனைக்கு வந்த எல்லாப் போன்களிலும் கட்டாயம். 6 முதல் 9 வரையிலான பதிப்புகளில் வேகமான போன்களில் இருக்கும், மிக மலிவான சிலவற்றில் இல்லாமலும் இருக்கலாம். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் 'என்கிரிப்ஷன்' என்ற இடத்தில் 'என்கிரிப்டட்' என்று காட்டுகிறதா பாருங்கள்.

ஷ்ரெட்டர் ஆப் வேண்டாம். கம்ப்யூட்டரின் பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரே இடத்தில் மேலே எழுதினால் கீழே இருந்தது போய்விடும். போனின் சிப்பில் அப்படி நடக்காது. அதன் ஒவ்வொரு அறையும் குறிப்பிட்ட தடவைதான் எழுதத் தாங்கும். அதனால் முறைப் பாசனம்போல் முறை வைத்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் எழுதும்படி உள்ளே ஒரு கட்டுப்பாட்டுச் சிப் வேலை செய்கிறது. நீங்கள் ஒரு படத்தின் மேல் மூன்று முறை எழுதியதாக ஆப் சொன்னாலும், அந்த மூன்றும் வேறு மூன்று இடங்களுக்குப் போயிருக்கும், பழைய படம் பழைய இடத்திலேயே இருக்கும். தவிர, அந்த ஆப்கள் எல்லா ஃபைலையும் பார்க்க அனுமதி கேட்கின்றன. அழிக்க நினைத்த படத்தை முன்பின் தெரியாத ஆப்பிடம் காட்டுவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

2014-இல் வாங்கிய போன், ஆண்ட்ராய்டு 4.4. பேத்தியின் விளையாட்டுக்கு இருந்தது. ஒருவர் 500 ரூபாய்க்குக் கேட்கிறார். ரீசெட் போட்டுக் கொடுக்கலாமா?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், பாபநாசம்

வெறும் ரீசெட் போட்டுக் கொடுக்காதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன சாவி இந்தப் போனில் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரை ஓடிய 21 பழைய போன்களைச் சோதித்தார்கள். ரீசெட் ஆன பிறகும் படங்களையும் செய்திகளையும், பெரும்பாலான போன்களில் கூகுள் கணக்குக்குள் நுழைய உதவும் அடையாளக் குறியீட்டையும் அவர்களால் திரும்ப எடுக்க முடிந்தது. உங்களுடையது அதை ஒட்டிய தலைமுறை.

செய்ய வேண்டியது, முதலில் நீங்களே சாவியை உருவாக்குவது. ஆறு இலக்க பின் நம்பர் ஒன்று வையுங்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றி, சார்ஜரை மாட்டியபடியே செட்டிங்ஸ், செக்யூரிட்டி, 'என்கிரிப்ட் போன்' கொடுங்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இடையில் அணைந்தால் போன் பாதியில் சிக்கி எழுந்திருக்காமலே போகலாம். பத்து வருடப் பேட்டரி கரண்ட் போனதும் படுத்துவிடும் என்பதால், இன்வெர்ட்டர் உள்ள பிளக்கில் போட்டுச் செய்யுங்கள், மின்தடை அறிவித்த நாளில் வேண்டாம். முடிந்ததும் ரீசெட்.

அதன் பிறகு இன்னொரு படி. ஜிமெயில் எதுவும் போடாமல் கேமராவைத் திறந்து, போனை மேசையில் கவிழ்த்து, வீடியோ ரெக்கார்டு ஓட விடுங்கள். 1080 தரத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 130 எம்பி பிடிக்கும். 16 ஜிபி போனில் காலி இடம் நிறைய இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். இடையில் நின்றால் மறுபடி தொடங்குங்கள். இடமில்லை என்று சொன்னதும் மீண்டும் ஒரு ரீசெட். முறை வைத்து எழுதும் சிப் என்பதால் இதையே முழு அழிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் மீட்பு மென்பொருளை வைத்துக் கிளறுபவருக்கு நீங்கள் ஓட விட்ட அந்த வீடியோதான் கிடைக்கும்.

இத்தனை வேலைக்கு 500 ரூபாய் தகுமா என்று எண்ணிப் பாருங்கள். வங்கி எஸ்எம்எஸும் குடும்பப் படமும் இருந்த போன் என்றால், பேத்தியிடமே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

மெமரி கார்டை ஃபார்மேட் செய்து போனோடு சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாக நூறு ரூபாய் தருகிறேன் என்கிறார் கடைக்காரர்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

கொடுக்காதீர்கள். போனின் உள் மெமரிக்குக் குறியாக்கம் உண்டு, கார்டுக்குப் பெரும்பாலும் கிடையாது. போனில் கொடுக்கும் ஃபார்மேட் வேகமான வகை. அது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிக்கிறது, உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். கார்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கார்டு ரீடரில் போட்டு, விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் பெட்டியைத் திறந்து, 'குயிக் ஃபார்மேட்' குறியை எடுத்துவிட்டு ஓட விடுங்கள். அப்போது கார்டு முழுதும் பூஜ்யம் எழுதப்படும். 32 ஜிபி கார்டுக்கு முக்கால் மணி நேரம் போல ஆகும். இரண்டு நொடியில் முடிந்தால் குறியை எடுக்க மறந்துவிட்டீர்கள்.

வாய்க்காலில் விழுந்த போன் மூன்று மாதமாக ஆன் ஆகவில்லை. 'உடைந்த செல்போன், ஓடாத செல்போன்' என்று ஒலிபெருக்கியோடு வரும் வண்டிக்காரர் அதற்கு ஒரு பிளாஸ்டிக் குடம் தருகிறார். செத்த போன்தானே, கொடுத்தால் என்ன?
– இல்லத்தரசி, வலங்கைமான் அருகே

செத்தது பேட்டரியோ, சார்ஜிங் பகுதியோ, டிஸ்ப்ளேயோ மட்டுமாக இருக்கலாம். உங்கள் படமும் செய்தியும் இருக்கும் சிப் போர்டில் தனியாக இருக்கிறது, தண்ணீரால் அது கெடுவது அரிது. கெட்ட பாகத்தை மாற்றினால் போன் நீங்கள் விட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கும். அப்போது அதைக் காப்பது உங்கள் திரைப்பூட்டு ஒன்றுதான். பூட்டே போடாத போன் என்றால் எல்லாமே திறந்துகிடக்கும். ஓடும் போனைப் பெரும்பாலோர் ரீசெட் செய்துதான் விற்கிறார்கள். ரீசெட் ஆகாமல் வெளியே போவது பெரும்பாலும் ஓடாத போன்தான். அதனால் எங்களுக்கு அதிகக் கவலை தருவது உங்களுடையது போன்ற போன்கள்.

குடத்தை விட்டுவிடுங்கள். பக்கத்து ஊர் சர்வீஸ் கடையில், உங்கள் கண்ணெதிரே தற்காலிகமாக ஒரு பேட்டரியும் டிஸ்ப்ளேயும் மாட்டி ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆன் ஆனால் அங்கேயே கணக்கை நீக்கி ரீசெட். டிஸ்ப்ளே தெரிகிறது, டச் மட்டும் இல்லை என்றால் கடைக்கே போக வேண்டாம். ஓடிஜி அடாப்டரில் கம்ப்யூட்டர் மவுஸை மாட்டினால் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்தே எல்லாம் செய்யலாம். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்தி ரெக்கவரி திரையில் அழிக்கிற வழியும் உண்டு. அதில் தகவல் அழியும், ஆனால் கூகுள் பூட்டு விழுந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எதுவும் முடியவில்லை என்றால் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். உடைக்க நினைத்தால் சுத்தியலை எடுக்க வேண்டாம், துளையிட வேண்டாம், வயலில் போட்டு எரிக்கவே வேண்டாம். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கடையில் பேட்டரியைக் கழற்றச் சொல்லி, போர்டைத் தனியே வாங்கி, அதில் மெமரிச் சிப் எது என்று கேட்டு அந்தச் சிப்பை உடையுங்கள். மீதியைப் பதிவு பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம்.

இன்னொன்று. நெல் விளையும் ஊர் என்பதால் நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கும் வழக்கம் இங்கே அதிகம். அரிசித் தூளும் நொய்யும் சார்ஜ் ஓட்டைக்குள் போய் இன்னும் கெடுக்கும். ஆப்பிள் நிறுவனமே அப்படிச் செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அணைத்து, சார்ஜ் போடாமல், காற்றோட்டத்தில் வையுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பிய ஐபோன். அவன் ஐடிதான் அதில் இருக்கிறது. மன்னார்குடி கடையில் கொடுத்தோம், ரீசெட் ஆகிவிட்டது, ஆனால் 'ஓனருக்கு லாக்' என்று வருகிறதாம். ஐடி பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள்.
– வாசகி, கோட்டூர்

பாஸ்வேர்டை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அது மகனின் படங்கள், பாஸ்போர்ட் நகல், பணம் கட்டும் கார்டு எல்லாவற்றுக்குமான சாவி. 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் இருக்கும் ஆக்டிவேஷன் லாக்தான் நீங்கள் பார்ப்பது. மகன் சிங்கப்பூரில் இருந்தபடியே இதை விடுவிக்கலாம். அவர் தன் கம்ப்யூட்டரிலோ போனிலோ ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, 'ஃபைண்ட் டிவைசஸ்' பகுதியில் இந்தப் போனைத் தேர்ந்து, 'ரிமூவ் ஃப்ரம் அக்கவுண்ட்' கொடுக்க வேண்டும். போன் இன்னும் அழியவில்லை என்றால் அதற்கு முன் 'எரேஸ்'. பிறகு கடையில் போனை வைஃபையில் போட்டு, அணைத்து ஆன் செய்தால் 'ஹலோ' திரை வரும்.

போன் கையில் இருக்கும்போதே செய்வதானால் இன்னும் எளிது. செட்டிங்ஸ், ஜெனரல், 'டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்', 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்'. அதுவே ஆப்பிள் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, பூட்டையும் விடுவித்து, சாவியையும் அழித்துவிடும். அந்த நேரத்தில் வீடியோ காலில் மகனே பாஸ்வேர்டைச் சொல்ல, வீட்டில் ஒருவர் தட்டினால் போதும்.

ரீசெட் செய்யாமலே போன வாரம் விற்றுவிட்டேன். இப்போது என்ன செய்வது?
– வாசகர், பட்டுக்கோட்டை

வரிசை முக்கியம், பதற்றத்தில் முதலில் பாஸ்வேர்டை மாற்றிவிடாதீர்கள். போனில் உங்கள் கணக்கு உயிரோடு இருக்கும்போதுதான் தூரத்திலிருந்து அழிக்க முடியும். முதலில் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்' தளத்தில் உங்கள் ஜிமெயிலில் நுழைந்து, அந்தப் போனைத் தேர்ந்து, 'ஃபேக்டரி ரீசெட்' அல்லது 'எரேஸ்' கொடுங்கள். போன் அணைந்திருந்தால், அடுத்த முறை இணையத்துக்கு வரும்போது அழியும்.

அதன் பிறகு கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் அந்தப் போனை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். சிம் உங்களிடம் இருந்தால் புதிய போனில் வாட்ஸ்அப் பதிவு செய்ததும் பழையதில் தானாக வெளியேறும். டெலிகிராமில் டிவைசஸ் பகுதியில் மற்ற எல்லா செஷன்களையும் நிறுத்துங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் இதே வேலை. வங்கியில் நெட்பேங்கிங் பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் மாற்றுங்கள். சிம்மும் போனோடு போயிருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் சிம் நிறுவனத்தை அழைத்து அதை முடக்குங்கள், ஏனென்றால் ஓடிபி எல்லாம் அங்கேதான் போகும். ஆதார் படங்கள் இருந்திருந்தால் ஆதார் தளத்தில் கைரேகைப் பூட்டு போட்டுக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தூரத்திலிருந்து அழித்த போன் வாங்கியவரிடம் உங்கள் ஜிமெயிலைக் கேட்டு நிற்கும். அவர் மேல் தவறில்லை. நேரில் போய் நீங்களே கணக்கைப் போட்டு, நீக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அப்பாவின் பட்டன் போனை எப்படி அழிப்பது?
– வாசகி, குத்தாலம்

பழைய நோக்கியா வகைகளில் பலவற்றுக்கு *#7370# அழுத்தினால் முழு ரீசெட். பாதுகாப்பு எண் கேட்டால், மாற்றாதவரை 12345. ஜியோபோனில் செட்டிங்ஸ், டிவைஸ், டிவைஸ் இன்ஃபர்மேஷன், ரீசெட் போன். நம்பர்கள் பெரும்பாலும் சிம்மில் இருக்கும், சிம்மை எடுத்துவிட்டால் அவையும் உங்களோடு வந்துவிடும். பழைய பட்டன் போன்களில் குறியாக்கம் பொதுவாகக் கிடையாது. விலையும் சொற்பம் என்பதால் விற்காமல் வீட்டில் அவசரத்துக்கு வைத்துக்கொள்வதே மேல்.

டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தால் கடையில் பேட்டர்ன் லாக்கைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– செவிலியர், நாகப்பட்டினம்

டிஸ்ப்ளே மாற்ற பேட்டர்ன் தேவையில்லை. மாற்றிய பிறகு டச், கேமரா, ஸ்பீக்கர் சோதிக்கத்தான் கேட்கிறார்கள். அந்தச் சோதனைக்கு நீங்களே பக்கத்தில் நின்று திறந்து கொடுக்கலாம். போனை விட்டுவிட்டு வர வேண்டும் என்றால், புதிய சாம்சங் போன்களில் 'மெயின்டனன்ஸ் மோட்', பிக்சலில் 'ரிப்பேர் மோட்' இருக்கிறது. அதை ஆன் செய்தால் உங்கள் படம், செய்தி, ஆப் எதுவும் தெரியாத வெறும் போனாக அது நடந்துகொள்ளும். திரும்ப வந்ததும் உங்கள் பூட்டைப் போட்டால் எல்லாம் பழையபடி. டச் வேலை செய்யும்போதே ஆன் செய்துவிட வேண்டும்.

பழைய போனிலிருந்து புதியதுக்கு 'எல்லாம் மாற்றித் தருகிறோம்' என்று கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கும் சம்மதிக்காதீர்கள். மாற்றி முடித்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி தங்கிவிடும்.

விற்ற பிறகு அந்தப் போனை வைத்து யாராவது தப்பு செய்தால் என் மேல் வருமா? வாங்குகிறவர் பார்க்க வேண்டியது என்ன?
– வாசகர், கும்பகோணம்

ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை வைத்து விசாரணை நடந்தால், பில்லில் பெயர் உள்ளவரிடம்தான் முதலில் வருவார்கள். அதனால் ரீசெட்டுக்கு முன் *#06# அழுத்தி, வரும் 15 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும், இரண்டையும் எழுத வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, மாடல், இரண்டு எண்கள், விலை, வாங்குபவரின் பெயர், ஊர், கையெழுத்து. கடையாக இருந்தால் அவர்கள் சீல். இதை ஒரு படம் எடுத்தும் வையுங்கள், ஆனால் விற்கும் போனில் அல்ல. பில்லின் நகலைக் கொடுக்கும்போது உங்கள் முகவரியையும் போன் நம்பரையும் மறைத்துக் கொடுக்கலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால், எடுக்க வருபவர் வாசலில் நிற்கும்போது அவசரமாக ரீசெட் செய்ய வேண்டாம், முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள்.

வாங்குகிறவர் ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். கறுப்புப் பட்டியலில் உள்ளது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மூன்றில் ஒன்று வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். எண் சரியாக இருந்தாலும், கடையிலேயே வைஃபையில் போட்டு, உங்கள் ஜிமெயில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.